அத்தான் புதைத்த எகிப்து

நான் ஒரு சந்தேகப் பிராணி. மறைத்துப் பயனில்லை, எங்கள் ஊர் ஆரையம்பதியில் யாரை விசாரித்தாலும் சொல்லிவிடுவார்கள். யுத்த காலத்தில் எல்லோரும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாழ்ந்தோம். புதிய ஆள் ஒருவர் பழம் விற்க வந்தால், பழத்தை விட்டுவிட்டு ஆளைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். நான் அந்தக் கடமையைச் சொந்த வீட்டுக்குள்ளும் செய்தேன்.

அக்காவைக் கட்டிய அத்தான் நாவற்குடாக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேரவேண்டும். அப்படி வந்து சேர்ந்தவர், எகிப்தில் நைல் நதியில் ஓடும் சொகுசுக் கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் இரண்டு வருடம் வேலை செய்ததாகச் சொன்னார். நான்கு தட்டுக் கப்பலாம். உள்ளே நீச்சல் தடாகமும் உண்டாம். (ஆற்றில் மிதப்பவனுக்கு எதற்கு இன்னொரு குளம்? என் சந்தேகம் முளைத்தது இங்கேதான்.) சோறு, பருப்பு, மக்கரோனி மூன்றையும் ஒன்றாகக் கலந்து, மேலே பொரித்த வெங்காயம் போட்டுக் கொடுத்தால் வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சாப்பிடுவார்களாம். எங்கள் வீட்டில் அப்படியொரு கலவை கோழிக்குத்தான் போகும். அத்தாட்சியாக அவரிடமிருந்த ஒரே படத்தில் அவர் முகமும் ஒரு கம்பியும்தான் தெரிந்தன.

அக்கா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள்.

"என்னையும் ஒருக்கா அந்தக் கப்பலில கூட்டிப் போங்களன்."

"கப்பல் இல்லாட்டி என்ன, நம்மட வாவியில தோணி இரிக்கிதானே. சித்திரை வரட்டும் பாரன்" என்பார் அத்தான்.

ஒருநாள் மத்தியானம் கிணற்றடிக்குப் போனேன். வாழைகளுக்குப் பின்னால் அத்தான் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பொலித்தீனால் சுற்றிய பெரிய டின் ஒன்றை இறக்கி, மண்ணை மூடி, மேலே காய்ந்த ஓலையைப் போட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தக் காலத்தில் ஒருவர் மண்ணுக்குள் எதையாவது புதைத்தால், அது ஆயுதமா குண்டா என்பதைத் தவிர யாரும் வேறொன்றும் கேட்கத் தேவையில்லை. சுற்றிவளைப்பு வந்தால் ஆமிக்காரர் கம்பியால் வளவு முழுக்கக் குத்திப் பார்ப்பார்கள். டின் அகப்பட்டால் அத்தான் போவார், கூடவே நானும் போவேன், அக்கா தனித்துப்போவாள். மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் சொல்லவும் பயம். அத்தானிடம் கேட்கவும் பயம்.

கடைசியில் குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். (இருபது வயது. வேறு பொறுப்பு ஒன்றும் கையில் இருக்கவில்லை.) அத்தான் கடைக்குப் போன நேரம் பார்த்து டின்னைத் தோண்டி, உரப்பையில் போட்டு, வாவியின் நடுவில் தாழ்த்திவிடத் தோணியேறினேன். டின் தோணியில் இடிபடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன்.

பத்து முழம் போயிருக்கமாட்டேன், துறையடியில் இருந்த ஆமிக் காவலரணில் விசில் ஊதினார்கள். கரைக்குத் திரும்பினேன்.

"பையில என்ன?" என்றார் சார்ஜன்ட்.

"தெரியா சேர்." (சொல்லக்கூடாத பதில்களில் முதலிடம் இதற்குத்தான்.)

"யார் குடுத்தது?"

"அத்தான்!"

கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது. யாரும் அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. வீடு எங்கே, எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்பதைக் கேளாமலே சொன்னேன். ஒரு சிப்பாய் போய் அத்தானைக் கூட்டிவந்தான். பின்னால் அக்கா ஓடிவந்தாள். காட்டிக்கொடுத்தது நான்தான் என்று தெரியாமல் எனக்காகவும் சேர்த்து அழுதாள். எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம்போல் இருந்தது.

அத்தான் டின்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "டேய், இன்னும் ரெண்டு நாள் கிடந்திரிக்கணுமேடா" என்றார்.

தள்ளிவைத்துத் திறக்கச் சொன்னார்கள். மூடி கழன்றதும் எழுந்த வாடையில் இரண்டு சிப்பாய்கள் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். உள்ளே உப்பில் அடைத்த மடவை மீன்!

"எகிப்துச் சாப்பாடு சேர்" என்றார் அத்தான். "அங்க சித்திரை மாசம் ஒரு பெருநாளுக்குத் தின்னுற. வெள்ளக்காரருக்குக் குடுக்கிறல்ல, வேலைகாரர் நாங்க கப்பலிர கீழ்த்தட்டில இரிந்து தின்னுவம். மனிசிய வாவியில கூட்டிப் போய்க் குடுக்கலாமெண்டுதான். மணத்துக்குப் பயந்துதான் வீட்டில சொல்லல்ல."

சார்ஜன்ட் நம்பவில்லை. சந்தேகத்தில் அவர் எனக்கும் மூத்தவர். "நீ சாப்பிடு" என்று என்னைக் காட்டினார். (கொண்டுவந்தவன்தான் தின்ன வேண்டும், அது காவலரண் சட்டம்.)

அப்படித்தான் கரையில் கட்டிய தோணியில் உட்கார்ந்து, மூன்று துப்பாக்கிகள் காவல் நிற்க, எகிப்தின் பாரம்பரிய உணவை நான் ருசித்தேன். அத்தான் மீனை உரித்து, காவலரண் குசினியில் வாங்கிய தேசிக்காயைப் பிழிந்து, வெங்காயம் வைத்துத் தந்தார். மூச்சைப் பிடித்து விழுங்கினேன். அநியாயம் சொல்லக்கூடாது, நன்றாயிருந்தது. சேருக்கு நம்பிக்கை வரட்டும் என்று இன்னொரு துண்டும் எடுத்தேன்.

சார்ஜன்ட் மெல்ல வந்து ஒரு துண்டை வாயில் போட்டார். "இது ஜாடி! எங்க ஊர் ஜாடி!" என்று கத்தினார். தெற்கில் அவர்கள் உப்பும் கொறுக்காய்ப் புளியும் போட்டு மீனை ஊறவைப்பார்களாம். பாதி டின்னை எடுத்துக்கொண்டு, நான் அத்தானைக் காட்டிக்கொடுத்த விதத்தை அத்தானுக்கும் அக்காவுக்கும் நடித்துக் காட்டிவிட்டுத்தான் எங்களை விட்டார். அக்கா ஒரு துண்டும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா கிணற்றடியில் நின்று, "ஆருடா வாழையடியக் கிண்டிப் போட்டிரிக்கிற?" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் "அத்தான்!" என்று பதில் வந்தது. சொன்னவர் அத்தானேதான், நான் நடுங்கிய அதே குரலில்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோப்பை உடைந்தாலும் சரி, கறி அடிப்பிடித்தாலும் சரி, யார் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். இப்போது அத்தானின் பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். அத்தான் ஒவ்வொரு முறையும் வயிறு குலுங்கச் சிரிப்பார். அக்கா மட்டும் அன்றைக்கும் சிரிக்கவில்லை, இன்றைக்கும் சிரிப்பதில்லை.