அமைதிச் சுடர் அத்தியா

உலகில் அமைதி நிலவ வேண்டும் என்று வல்லரசுகள் எழுபது வருடத்துக்கு மேலாக மாநாடு கூட்டிக்கொண்டிருக்கின்றன. கள்ளக்குறிச்சியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி அதை ஒரே கல்வியாண்டில் நிலைநாட்டி, 'அமைதிச் சுடர்' என்று மெடலும் கொடுத்துவிட்டது. மெடலை வாங்கியவள் ஒன்பதாம் வகுப்பு அத்தியா, பாத்திரக்கடை கலீலுல்லாவின் மகள்.

இதன் அருமை பழைய அத்தியாவைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டாள். கேள்வி கேட்டால் பதில் பாதியில் நிற்கும், அவள் ஜன்னலில் நிற்பாள். டிபன் பாக்ஸ் அவளிடம் ஒரு வாரம் தங்காது; அப்பா பாத்திரக்கடை வைத்ததே அதற்காகத்தான் என்று தெருவில் பேச்சு. சின்ன வயதிலேயே ஒரு டாக்டர், இது சேட்டை அல்ல, கவனம் நிலைக்காத கோளாறு, ஏ.டி.எச்.டி. என்பார்கள், பொறுமையாகப் பழக்கலாம் என்றார். கலீலுல்லா பெருந்தன்மையோடு அவரை மன்னித்து, அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டமா?

பள்ளித் தாளாளர் ராஜாங்கம் தீர்க்கதரிசி. கூட்டம் போட்டு 'மாணவர் மனநல மேம்பாட்டுத் திட்டம்' அறிவித்தார். அதன்படி, அலைகிற பிள்ளைகள் வராந்தாவில் நின்று மனநலம் பெற்றார்கள். அவர்களுடைய விளையாட்டு பீரியடு கணக்குப் பாடத்துக்குப் போயிற்று. அவர்களோடு யாரும் பேசக்கூடாது என்று மற்ற பிள்ளைகளுக்கு உத்தரவு. வகுப்பாசிரியை ஆனந்தமேரி எள்ளளவும் குறையாமல் நிறைவேற்றினார். கலீலுல்லாவும் தம் பங்குக்கு, உன்னால் ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவந்தார்.

கூட்டு முயற்சி வீண்போகவில்லை. அரைப் பரீட்சைக்குள் அத்தியா அடங்கினாள். பிறகு பேச்சை நிறுத்தினாள். சோறு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குக்கர் வாங்க வந்தவர்களிடமெல்லாம் கலீலுல்லா இந்த முன்னேற்றத்தைச் சொல்லிப் பூரித்தார்.

அவர் மனைவி ரஜியாவுக்கு மட்டும் முன்னேற்றம் பிடிக்கவில்லை.

"புள்ள ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடக்குதுங்க. நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதிதானம்மான்னு கேக்குது. டாக்டராண்ட காட்டலாங்க."

"மெடல் வாங்குன புள்ளைக்கு இன்னாத்துக்கு டாக்டரு? ஊரே பைத்தியம்னு பேசறதுக்கா?"

பேச்சு அத்தோடு முடிந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே ஃப்ளெக்ஸ் வைப்பதாக முடிவாயிற்று. காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை, ஃப்ளெக்ஸ் வைக்காத எதுவும் இந்த ஊரில் நடந்ததாகச் சேர்த்தியில்லை. டிசைன் போடும் பச்சமுத்துவிடம் கலீலுல்லா தம் போனையே நீட்டி, மகளுடைய நல்ல படமாக ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். கீழே போட வேண்டிய பெயர்களையும் சொன்னார்.

பச்சமுத்து படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"பாய், சிரிக்கிற படமெல்லாம் ஆடிப்போயிருக்குது. ஆடாத படம் ஒண்ணுத்துலயும் சிரிப்பில்ல."

கலீலுல்லா எட்டிப் பார்த்தார். பழைய படங்களில் அத்தியா பாதி வெளியே ஓடிக்கொண்டிருந்தாள். பல் மட்டும் தெரிந்தது. புதிய படங்களில் நன்றாக உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே முகம். பழைய படம் ஒன்றுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார். ஆனாலும், ஆடாததையே போடு என்றார்.

பச்சமுத்து அந்த முகத்தை நடுவில் வைத்தான். கீழே வழக்கப்படி 'இவண்' என்று போட்டு, தாளாளர் ராஜாங்கம், வகுப்பாசிரியை ஆனந்தமேரி, தந்தை கலீலுல்லா என்று வரிசையாக ஏற்றினான். மேலே வாசகத்துக்கு இடம் காலியாக இருந்தது. படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மேல இன்னா போடணும் பாய்? வாழ்த்தா, அஞ்சலியா?"

கலீலுல்லா போனை வாங்கி ரஜியாவைக் கூப்பிட்டார். புள்ளையை விட்டு நகராதே, இதோ வருகிறேன், டாக்டரிடம் போகிறோம் என்றார்.

"அப்ப இத மொத்தமா அழிச்சிடட்டா பாய்?"

கலீலுல்லா வாசலில் நின்று திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"பேரு மட்டும் இருக்கட்டும்ப்பா. செஞ்சவங்க ஒருத்தரும் வுட்டுப்போவல."