வெள்ளத்தில் தப்பிய இதழ்

ஒரு காட்டில், மழை பொய்த்துப் புல்லெல்லாம் கருகி, அரசாங்க அறிவிப்புப் பலகை மட்டும் பச்சையாக இருந்த ஒரு கோடையில், பொதியப்பன் என்றொரு கழுதை வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தது. அதன் கொட்டகையில் தின்னக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: 'காட்டுக்கொம்பு' என்ற செய்தி வார இதழின் பழைய பிரதி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், பெருவெள்ளம் வந்த வாரம் அச்சானது. மற்ற பிரதிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாகப் பேச்சு. காகிதத்தைக் கண்டால் கழுதைக்கு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனாலும் பொதியப்பன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதைக் காப்பாற்றி வந்தது.

காரணம் இருந்தது. சிங்கராஜா அருங்காட்சியகம் கட்டியிருந்தார். வெள்ள வார இதழின் ஒரே பிரதியைக் கொண்டுவருபவருக்கு ஆற்றங்கரைத் தோப்பு ஆயுசுக்கும் சொந்தம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். அந்தத் தோப்பில் முழங்கால் உயரத்துக்குப் புல். நினைத்தாலே பொதியப்பனுக்கு அழுகை வந்தது.

பிரதியை மதிப்பிட ஒரு புனுகுப்பூனை வந்தது. இடது காது கிழிந்திருந்தது. கையில் பூதக்கண்ணாடி. வாசனையோ கல்யாண வீட்டு வாசனை.

"படிச்சியா?" என்றது.

"இல்லீங்க சார். எங்கப்பா அச்சகத்துல பொதி சுமந்தவரு. அவருக்குக் கொடுத்தது. நான் பிரிச்சதே இல்லீங்க."

"புத்திசாலிப்பா நீ! பிரிச்சா மடிப்பு விழும், மதிப்பு போயிடும். படிக்கிறவன் வெறும் வாசகன். படிக்காம வெச்சிருக்கிறவன்தான் சேகரிப்பாளன்." சொல்லிக்கொண்டே பிரதியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியது.

பொதியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்டவர்கள் இப்போது வந்து கேட்கட்டுமே!

"ஆனா ஒரு சிக்கல்," என்று பூனை குரலைத் தாழ்த்தியது. "பக்கத்து வீட்டு வெள்ளாடு குழையாயிகிட்டயும் ஒண்ணு இருக்கு. ரெண்டு இருந்தா ரெண்டும் குப்பை."

"அய்யய்யோ! அது என் தங்கச்சி மாதிரி சார். போன பஞ்சத்துல பாதித் தழையை எனக்குக் கொடுத்த ஜீவன்."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. நாளைக்கு மத்தியானம் அது பரிசுப் படிவம் வாங்க வரிசையில நிக்கப்போகுது. வீடு திறந்து கிடக்கும். அவ்வளவுதான்."

மறுநாள் மத்தியானம் வரை பொதியப்பனை மனசாட்சி உதைத்தது. கழுதையின் மனசாட்சி அல்லவா, பலமாகவே உதைத்தது. பசி அதைவிடப் பலமாக உதைத்தது.

குழையாயி வீட்டில் ஆளில்லை. பானைக்குப் பின்னால் அதே மாதிரி உறை. பொதியப்பன் கிழித்தது, தின்றது. பழுத்த காகிதம் அப்பளமாக நொறுங்கியது. எத்தனை மாசமாச்சு வயிறு நிறைந்து! கடைசிப் பக்கத்தை வாய்க்குள் தள்ளும்போதுதான் அதிலிருந்த படம் கண்ணில் பட்டது. கிழிந்த இடது காது. மேலே கொட்டை எழுத்தில்: 'மதிப்பீட்டாளர் வேஷத்தில் மோசடி! பக்கத்து வீட்டாரை மோதவிட்டுப் பரிசைச் சுருட்டும் புனுகுப்பூனை! உஷார்!'

பக்கம் அதற்குள் தொண்டையைத் தாண்டிவிட்டது.

"அடப்பாவி!" என்று கத்திக்கொண்டு தன் கொட்டகைக்கு ஓடியது. அங்கே குழையாயி நின்றுகொண்டிருந்தது. காலடியில் கிழிந்த உறை, தாடியில் ஒரு துண்டுக் காகிதம்.

"அண்ணே... நீங்க வரிசையில நிப்பீங்கன்னு சொன்னாரே!"

"என்கிட்டயும் அதையேதான் சொன்னான். கடைசிப் பக்கம் பாத்தியா?"

"படிச்சா மதிப்பு போயிடும்னாரே அண்ணே. கண்ணை மூடிக்கிட்டுத் தின்னேன்."

அன்று படிவ வரிசையில் நின்றது காது கிழிந்த ஒரே ஓர் ஆள்தான். கையில் உறை பிரிக்காத மூன்றாவது பிரதி. தோப்பு கைமாறி முத்திரையும் விழுந்த பிறகுதான் இரண்டும் மூச்சிரைக்க ராஜாவிடம் போய் நின்றன.

"ஆதாரம் எங்கே?" என்றார் ராஜா.

"தின்னுட்டோம் ராஜா. ஆனா உங்க கண்ணாடிப் பெட்டியில இருக்கிறதும் அதே இதழ்தான். கடைசிப் பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்க!"

ராஜா பதறிப்போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டார்.

"பிரித்தால் மதிப்பு போய்விடுமே!"

அன்று குழையாயி நிம்மதியாக அசைபோட்டது. பொதியப்பனுக்குத்தான் ஒரு வாரம் வயிறு சரியில்லை.

நீதி: செய்தியைத் தின்பதென்றால் படிக்காமல் தின்றுவிடுங்கள். படித்துவிட்டால் செரிக்காது.