கத்தரிச் செடிக்காக நடந்த சாணப் போர்

திசை எட்டும் செவி சாய்க்க, செம்பனைக் காடுகள் தலையசைக்க, லாபிஸ் ரயில்பாதை ஓரத்துத் தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டின் வாசலில், ஒரு பாய் விரித்தால் நிறைந்துவிடும் நிலப்பரப்பை ஆண்ட அண்ணலைப் பாடத் தொடங்குகிறோம். பழைய பெயிண்ட் வாளியில் பச்சை மிளகாய் கண்டவன். மீன்காரர் வீசியெறிந்த வெள்ளைப் பெட்டியில் வெண்டை விளைத்தவன். உரக்கடை வாசலை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக் கடக்கும் உறுதியாளன். தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றபோதும் தோட்டத்தை நிறுத்தாத தோன்றல், ராஜசேகரன். அவன் புகழ் பாட நாவுக்கு வலிமை தா, கலைமகளே. தராவிட்டாலும் பாடத்தான் போகிறோம்.

அத்தகைய பெருமகனுக்கும் ஒரு கவலை இருந்தது. அவனது கத்தரிச் செடிகள் மூன்றும் பூப்பதும் மஞ்சளிப்பதும் பூவை உதிர்ப்பதுமாகப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தன. அதைக் கண்டு பொறுக்காத இல்லத்தரசி யோகேஸ்வரி, ஈரத்துணிக் கூடையை இடுப்பில் ஏந்தி, அகிலம் நடுங்க அறிக்கை விடுத்தாள்.

"இந்த மண்ணுக்கு இனிமே ஒரு காசு தரமாட்டேன். பொங்க சாம்பாருக்கு நம்ம கத்திரிக்கா வந்தா சரி. வரலன்னா சிமெண்டு போட்டுக் கொடி கட்டிருவோம். துணியாச்சும் காயும்."

காசில்லாமல் உரம் வேண்டுமென்றால் கதி ஒன்றே. எஸ்டேட்டிலிருந்து மேய்ந்தபடி வழிதவறி, மாதத்தில் ஒரு முறை தாமானுக்குள் எழுந்தருளும் வெள்ளைப் பசு. அதன் சாணம் எவர் கேட்டுக்கு நேரே விழுகிறதோ அவருக்கே சொந்தம் என்பது அத்தெருவின் சட்டம். சட்டத்தை இயற்றியவர் பக்கத்து வீட்டு உலகப்பன். பேங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உரம் வாங்க வசதி இருந்தும் வாங்க மனம் வராதவர். அவருடைய ரோஜாக்கள் பளபளத்த ரகசியம் அதுதான்.

மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை, இரவு மழை விட்டு விடிந்த வேளை. மணியோசை இன்றி, கட்டியம் கூறுவார் எவரும் இன்றி, அசைபோட்டபடி அப்பசு வந்தது, நடந்தது, இரு வீட்டுக்கும் நடுவே நின்றது. தலை உலகப்பன் கேட்டுக்கு நேரே. வால் ராஜசேகரன் கேட்டுக்கு நேரே. இன்னும் நாலடி நடந்தால் வாலும் உலகப்பன் வசமாகிவிடும். அதையறிந்த அப்பெரியவர், ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் வாழைப்பழத் தோலுமாக வெளிப்பட்டார்.

"தம்பி, மாடு எங்க வீட்டுப் பக்கந்தான் வருது. நீங்க போய் வேலையப் பாருங்க."

"வர்றது தலைதாண்ணே. நமக்கு வேண்டியது வால்தானே."

வாழைத்தோலின் மணம் மூக்கைத் தொட, பசு ஓரடி எடுத்து வைத்தது. ராஜசேகரன் அடுக்களைக்குள் பாய்ந்து, மதியச் சமையலுக்கு வைத்திருந்த கங்கோங் கீரைக் கட்டைப் பறித்துக்கொண்டு, தன் கேட்டடியில் நின்று தூக்கிக் காட்டினான். பசு தலையைத் திருப்பியது. திருப்பிய பிறகே அவனுக்கு உறைத்தது: தலை இங்கு வந்தால் வால் அங்கு போகும். பகைவன் வாயெல்லாம் பல்லாக நிற்பதையும் அப்போதுதான் கண்டான். கணமும் தாமதியாமல், சேறு தெறிக்க, செருப்பொன்று சாக்கடையில் வீழ, உலகப்பன் கேட்டுப் பக்கமே ஓடிப்போய், பசுவின் தலை பழையபடி அங்கே திரும்ப, கீரைக் கட்டை அதன் வாயிலேயே திணித்தான். பசு நின்றது, மென்றது. பழத்தோலை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

காற்று அடங்கியது, காக்கை கரைவதை நிறுத்தியது, வால் எழுந்தது. ராஜசேகரன் கேட்டுக்கு நேரே, ஓர் அங்குலமும் பிசகாமல், ஆவி பறக்க விழுந்தது அப்பெருநிதி.

உலகப்பன் உச்சுக்கொட்டியபடி மண்வெட்டியைத் தாழ்த்தினார். "அலமாக். சரி தம்பி, சட்டம் சட்டந்தான்."

வென்ற பொருளைச் சிவப்பு வாளியில் அள்ளி, வாளியை வாசலில் அமர்த்தி, குளித்துவிட்டு வந்து தண்ணீரில் கரைத்து வேருக்கு வேர் ஊற்றுவது என்று தீர்மானித்து, பாட்டு முணுமுணுத்தபடி குளியலறை புகுந்தான் கொற்றவன். துண்டோடு திரும்பியபோது வாசல் பச்சையாக மினுங்கியது. வாளி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. நடுவில் குனிந்து யோகேஸ்வரி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்காகவா காலங்காத்தால அள்ளிட்டு வந்தீங்க? எங்கம்மா வீட்டுல மார்கழி முழுக்கச் சாணி தெளிப்போம். இங்க வந்ததுலேருந்து வெறும் பைப்புத் தண்ணிதான். நீங்க அத மனசுல வச்சிருந்தீங்களே." அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை.

பசுவுக்கு அஞ்சாதவன், பகைக்கு அஞ்சாதவன், இப்போது துண்டின் நுனியைத் திருகினான். மஞ்சளித்த மூன்று செடிகளையும் பார்த்தான். அவளையும் பார்த்தான்.

"ஆமாலா. உனக்காகத்தான்."

பொங்கல் முடிந்த சனிக்கிழமை சிமெண்ட் போட ஆள் வந்தார்.