மாதிரி வழங்கும் அறைத் திறப்பு விழா

மாங்கேணியில் வலை இழுக்கும் கோணாமலைக்கு நாலு பிள்ளைகள். ஐந்தாவது வேண்டாம் என்பதில் வீட்டில் பூரண உடன்பாடு. யார் கருத்தடைக் கத்திக்குப் படுப்பது என்பதில்தான் இழுபறி.

"நாலையும் நான் பெத்தன். இந்த முறை நீங்க படுங்க," என்றாள் கண்ணகை.

படுத்தார். பதினைந்தே நிமிடத்தில் ஒபரேசன் முடிந்தது. டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "ஒரு கிழமைக்கு வலையும் வேணாம், மனிசியும் வேணாம். மறுகா சேரலாம். ஆனா மூண்டு மாசம் ஆணுறை கட்டாயம். உள்ள பழைய இருப்புக் கிடக்கும். விந்தைச் சோதிச்சு, அது தீந்துபோச்செண்டு தெரிஞ்சாத்தான் ஆணுறையை விடலாம்."

அந்தக் கிழமை முழுக்கக் கோணாமலை சாரத்துக்குள் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு, நண்டுக் கறியோடு ராசா மாதிரிக் கிடந்தார். இரண்டாம் கிழமை கடலுக்குப் போனார். ஐந்தாம் கிழமை சுகாதாரப் பணிமனை அதிகாரி கனகசூரியம் படலையில் வந்து நின்றார்.

"நாளைக்குச் சோதனை."

"டொக்டர் மூண்டு மாசம் எண்டாரே ஐயா?"

"அது மருத்துவக் கணக்கு. எங்களுக்குக் காலாண்டு இந்தக் கிழமையோட முடியுது. இது நிர்வாகக் கணக்கு."

விந்து மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. மாங்கேணியிலிருந்து பஸ் அதைவிட மெதுவாகப் போகும் என்பது உண்மை. விதியையும் உண்மையையும் இணைக்கும் பொருட்டு, ஆய்வுகூடத்துக்குப் பக்கத்துச் சாமான் அறை ஒதுக்கப்பட்டு, 'மாதிரி வழங்கும் அறை' என்று பெயர்ப்பலகையும் மாட்டப்பட்டது.

இந்தக் காலத்தில் குழாய்க்கிணற்றுக்கே நாடா வெட்டுகிறார்கள். அறையைச் சும்மா விடலாமா? குத்துவிளக்கு வந்தது. மேளம் வந்தது. கேக் வந்தது. தலைக்கு மேல் ட்ரோன் பறந்தது. முதற் பயனாளி என்ற முறையில் கோணாமலைக்குப் பிரதம அதிதி மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, சிறிய போத்தலொன்றைக் கையளித்து உள்ளே அனுப்பினார்.

பத்து நிமிடம் போயிற்று. கதவு தட்டப்பட்டது.

"கோணாமலை, முடிஞ்சுதா? பிரதம அதிதிக்கு வந்தாறுமூலையில இன்னொரு விழா இரிக்கு!"

"நீங்க கதவடியில நிண்டா எப்பிடி ஐயா வரும்?"

"நாங்க ஊக்கப்படுத்தத்தான் நிக்கிறம்!" என்ற கனகசூரியம் கூட்டத்தைப் பார்த்துக் கைகாட்டினார். கரகோஷம் எழுந்தது. மேளகாரரும் இரண்டு தட்டுத் தட்டினார். கோணாமலைக்குள் கொஞ்சநஞ்சம் இருந்ததும் ஒடுங்கிப்போயிற்று.

வெறும் போத்தலைப் பொன்னாடையில் சுற்றிக்கொண்டு அவர் தலைகுனிந்து வெளியே வந்தார். அதை வாங்கிய கனகசூரியம் பிரித்துப் பார்க்கவில்லை; படமெடுக்கப் பொன்னாடையோடு பிடித்தால்தான் வடிவு. அன்று பின்னேரமே அறிக்கை வந்தது: 'மாதிரியில் விந்தணு எதுவும் காணப்படவில்லை.' அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மூன்று சீல் குத்திய சான்றிதழும் கிடைத்தது.

கொடுத்தது வெறும் போத்தல் என்பது முதல் நாள் கோணாமலைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டாம் நாள் சற்றே மறந்தது. மூன்றாம் நாள் கண்ணகை கேட்டாள், "மெய்யாத்தானா?"

"மூண்டு சீல் கிடக்கு கா, கண்ணகை! அரசாங்கம் பொய் சொல்லுமா?"

மிச்சமிருந்த ஆணுறைகளைப் பிள்ளைகள் பலூனாக ஊதினார்கள்.

அதிலிருந்து பத்தாம் மாதம் பெண் பிள்ளை பிறந்தது. பிறப்புப் பதிவாளர் பைலைப் புரட்டினார். "தகப்பன் பேருக்குக் கோணாமலை எண்டு எழுத ஏலாது. உங்களிட்ட விந்தணு இல்லையெண்டு எங்களுக்கு எழுத்துல அறிவிச்சிரிக்கு."

"ஐயா, அண்டைக்கு நான் குடுத்தது வெறும் போத்தல்!"

"அப்ப அரச சோதனையில மோசடி. அதுக்கு வேற படிவம்."

"மறுகா என்னதான் வழி?"

"திரும்பச் சோதியுங்க. விந்தணு இருந்தாப் பேர் எழுதலாம்."

ஊரில் கண்ணகையைப் பார்த்துப் பெண்கள் குசுகுசுக்கத் தொடங்கியிருந்தார்கள். கோணாமலை விடியற்காலைப் பஸ் ஏறினார். அந்த அறையில் இம்முறை குத்துவிளக்கில்லை, மேளமில்லை, ஊக்கப்படுத்த ஆளுமில்லை. போத்தல் ஐந்து நிமிடத்தில் நிரம்ப வேண்டிய அளவுக்கு நிரம்பியது.

ஒபரேசன் செய்து வருசமாகப் போகிறது. பழைய இருப்பெல்லாம் எப்போதோ தீர்ந்திருந்தது. அறிக்கை வந்தது: 'விந்தணு எதுவும் காணப்படவில்லை.'

"பாத்தீங்களா? முதல் தரமே நாங்க சரியாத்தான் சொல்லியிரிக்கம்," என்று பதிவாளர் தகப்பன் பெயருக்கான இடத்தில் நேராக ஒரு கோடு இழுத்தார்.

வெளியே பிள்ளையோடு நின்ற கண்ணகை கேட்டாள், "என்னவாம்?"

"ஒபரேசன் சரிவந்திட்டாம்."

அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பை உதறிச் செருகினாள்.

"அப்ப இனிப் பயமில்லைதானே?"