வஜ்ரபுஜனின் வருத்தக் கட்டம்

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நெருப்பு என்பார்கள், சக்கரம் என்பார்கள். விவரம் தெரியாதவர்கள். தலையாய கண்டுபிடிப்பு 'வருத்தக் கட்டம்'. அது எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடிக் கூட்ட அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு நிகழ்ந்தது. அந்த அறையில் மின்விசிறி சுற்றினால் தாள்கள் பறக்கும். சரித்திரம் பறந்துவிடாதபடி தாளைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தவன் நான்.

நாங்கள் வாரம் ஒரு சித்திரக்கதை இதழ் வெளியிடுகிறோம். அதன் நாயகன் வஜ்ரபுஜன். பறப்பான், பாறையைப் பிளப்பான், நீதிக்காக உயிரையும் கொடுப்பான். பெரும்பாலும் மற்றவர்கள் உயிரை. அவனுடைய பரம எதிரி நச்சுமூக்கன் யாரிடமாவது கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினால், வஜ்ரபுஜன் அருகில் நிற்கும் பேருந்தைத் தூக்கி அவன்மேல் வீசுவான். பேருந்து குறி தவறி ஒரு கட்டடத்தில் விழும். அந்தக் கட்டடம் அடுத்த கட்டடத்தின்மேல் சாயும். கைப்பை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் உரியவரிடம் ஒப்படைக்கப்படும். இருபது ஆண்டுகளாக இந்த நீதி ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

என் பதவியின் பெயர் 'வாசகர் தொடர்பு அலுவலர்'. வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவேன். பதில் ஒன்றே ஒன்றுதான்: "தங்கள் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. தங்கள் கருத்து ஆசிரியர் குழுவின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது." பதினொரு ஆண்டுகள் எழுதியதில் கண்ணை மூடிக்கொண்டும் பிழையில்லாமல் எழுதும் தேர்ச்சி வந்திருந்தது. அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

"ஐயா, நான் கொத்தனார். இருபத்தாறு வருஷமாக வீடு கட்டுகிறேன். உங்கள் வஜ்ரபுஜன் போன வாரம் ஒரே தெருவில் மாடிக் கட்டடங்கள் நான்கை இடித்தார். இந்த வாரம் அதே தெருவில் நான்கும் பளிச்சென்று நிற்கின்றன. ஏழு நாளில் கட்டி முடித்த கொத்தனார் யாரென்று சொன்னால் அவரிடம் போய் வேலை கற்றுக்கொள்வேன். இன்னொரு சந்தேகம். இடிந்தபோது உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?"

முதல் கேள்வியை எப்படியாவது சமாளித்திருப்பேன். இரண்டாவதற்கு என்னிடம் பதில் வார்ப்பு இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனேன்.

ஆசிரியர்தான் வஜ்ரபுஜனை வரைபவர். வஜ்ரபுஜனை மட்டுமே வரைவார். மற்றதெல்லாம், அதாவது தெரு, வானம், கட்டடம், பேருந்து, நச்சுமூக்கனின் மூக்கு, இவற்றை வரைபவர் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓவியர். அவரைப் பின்னணி அக்கா என்று கூப்பிடுவோம். இருபது ஆண்டுகளாக ஊரைக் கட்டியவரும் அவர்தான், இடிபாடுகளைக் கல் கல்லாக வரைந்தவரும் அவர்தான்.

ஆசிரியர் உடனே 'அவசரப் பொறுப்புணர்வுக் கூட்டம்' கூட்டினார். மூன்று பேரும் கலந்துகொண்டோம்.

"இந்தாளு வஜ்ரபுஜனைக் குத்தவாளிங்கிறாரா?" என்றார் ஆசிரியர்.

"இல்ல சார். உள்ள இருந்தவங்க எங்கன்னுதான் கேக்குறாரு."

"ரெண்டும் ஒண்ணுதான்யா." மேசையை விரலால் தட்டினார். "ஆனா ஒண்ணு. காலம் மாறிடுச்சு. குறையே இல்லாத நாயகன இப்ப எவனும் மதிக்கிறதில்ல. நம்மாளுக்குக் குறை இருக்கு, நல்லது. இனிமே பொறுப்பும் வரணும்."

"அப்ப போலீஸ்ல சரணடையட்டுமே சார்," என்றார் அக்கா.

"ஜெயில்ல போட்டுட்டு வாரா வாரம் என்னத்தம்மா வரையறது? கம்பியையா?"

"கம்பி வரையிறது சுலபம் சார். ஸ்கேல் இருந்தா போதும்."

நான் அடக்கமாக ஒரு யோசனை சொன்னேன். "இடிச்ச வீட்ட அவரே கட்டிக் குடுத்துட்டா?"

"பறக்குறவன் செங்கல் சுமந்தா எவன்யா படிப்பான்?"

பிறகு ஆசிரியர் மெதுவாக எழுந்தார். முகத்தில் ஓர் ஒளி.

"வருத்தப்படட்டும்."

அவ்வளவுதான். மணி பதினொன்றே கால்.

வருத்தக் கட்டத்தின் இலக்கணம் அன்றே வகுக்கப்பட்டது. இடித்து முடித்ததும் வஜ்ரபுஜன் ஒரு மொட்டைமாடியில் நிற்பான். மழை பெய்யும். மேலங்கி நனைந்து தோள்களோடு ஒட்டியிருக்கும். தோள்கள் எடுப்பாகத் தெரிய வேண்டும். கன்னத்தில் ஒரு துளி. மழையா, கண்ணீரா என்பது வாசகர் விருப்பம். தலைக்குமேல், "ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்!"

"எந்த மாடியில சார் நிப்பான்?" என்று கேட்டார் அக்கா. "தெருவையே இடிச்சிட்டானே?"

"ஒண்ண மட்டும் மிச்சம் வையிம்மா."

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு தெருவிலும் ஒரு கட்டடம் உயிர் தப்பியது. கட்டத்துக்காகத் தப்பிய கட்டடம்.

வாசகர்கள் உருகிவிட்டார்கள். கட்டடம் இடிந்தது, அவனும் இடிந்துபோய் நிற்கிறான், இதற்குமேல் என்ன வேண்டும் என்று எழுதினார்கள். வருத்தக் கட்டம் அரைப் பக்கமானது, பிறகு முழுப் பக்கமானது. வஜ்ரபுஜனின் கோபத்துக்குக் காரணமும் கண்டுபிடிக்கப்பட்டது: சிறுவயதில் அப்பா காற்றாடி வாங்கித் தரவில்லை. இடிந்த குடியிருப்பை விட்டுவிட்டு வாசகர்கள் காற்றாடிக்காக அழுதார்கள். 'பொறுப்புள்ள பராக்கிரமம்' என்று ஆசிரியர் தலையங்கம் எழுதினார்.

ஒரே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. போன வாரத்தைவிடப் பெரிதாக வருத்தப்பட வேண்டுமென்றால் போன வாரத்தைவிடப் பெரிதாக ஏதாவது செய்தாக வேண்டும். ஆகவே முதலில் ஒரு பாலம். அடுத்து ஒரு ரயில் நிலையம். அடுத்து ஒரு மருத்துவமனை. அதற்கு இரண்டு பக்க மழை. வஜ்ரபுஜனின் பொறுப்புணர்வு வளர வளர, ஊரின் பரப்பளவு குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் கொத்தனார் நேரிலேயே வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். நகக்கண்ணில் சிமெண்ட். வரும்போதே எங்கள் கூட்ட அறைச் சுவரில் இருந்த விரிசலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பயமில்ல, பூச்சு மட்டுந்தான்" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். ஆசிரியர் அவரை உட்காரவைத்து, கண்ணாடிச் சட்டம் போட்ட வருத்தப் பக்கத்தைக் காட்டினார்.

"உங்க கடிதத்துக்கு அப்புறம்தாங்க இது. பாருங்க, கண்ணுல தண்ணி."

கொத்தனார் நிதானமாகப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா இவரு எதுக்கு மாடியில நிக்கிறாரு? ஆளுங்க கீழல்ல கிடப்பாங்க?"

"உள்ளுக்குள்ள நொறுங்கிட்டாருன்னு அர்த்தம்."

"சரிங்க. வெளிய நொறுங்கினத யாரு அள்ளுறது?"

ஆசிரியர் பெருந்தன்மையாகச் சிரித்தார். கொத்தனாரும் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்:

"எனக்கும் ஒருதடவ ஆச்சுங்க. ஜன்னலுக்கு மேல சன்ஷேடு போட்டேன். கீழ தாங்குற முட்டுக்கட்டைய இன்னொரு வாரம் பொறுத்து எடுத்திருக்கணும், அவசரப்பட்டுட்டேன். பேந்து விழுந்துடுச்சு. கீழ நின்னவரு ஒரு தையல்காரர். தொடையெலும்பு போச்சு. அவரு வீடு மூணாவது மாடி, கடைக்குப் போறதுக்கு எறங்கணும். நாலு மாசம், காலையில முதுகுல தூக்கி எறக்கிவிடுவேன், சாயங்காலம் தூக்கிட்டு ஏறுவேன்."

"மன்னிச்சிட்டாரா?" இது தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அக்கா.

"முதல் மாசம் பூரா முதுகுல உக்காந்துக்கிட்டே திட்டுவாரும்மா. என் அப்பன் பாட்டன் வரைக்கும் வரும். ரெண்டாவது மாசம் ஒருநாள், 'இடது பக்கம் படி ஒடஞ்சிருக்கு, பாத்து'ன்னாரு. அப்புறம் திட்டல. இப்பவும் என் சட்டையெல்லாம் அவருதான் தைக்கிறாரு."

"அதெல்லாம் சரிங்க," என்றார் ஆசிரியர், பேனாவை எடுத்துக்கொண்டு. "உங்களுக்கு உள்ளுக்குள்ள வருத்தம்?"

"இருந்துச்சுங்க. மூணு மாடி ஏறும்போது அதுக்கெல்லாம் மூச்சு பத்தாது."

"மழையில போய் நின்னீங்களா?"

"மழ வந்தா ஓடிப்போய் சிமெண்ட் மூட்டையத்தாங்க மூடுவேன்."

அவர் போனபின் ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷன். உணர்ச்சிதான் கம்மி."

தட்டிக்கு அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரக் கதையில் நச்சுமூக்கன் ஒரு குடையைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். வஜ்ரபுஜன் பேருந்தைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறான். எதிரே ஒரு ஐந்து மாடிக் குடியிருப்பு. அதோடு அந்த வாரம் முடிகிறது. ஆசிரியர் தோள்களை வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பின்னணியை அவர் எப்போதுமே பார்ப்பதில்லை. இதழ் அச்சாகிக் கடைகளுக்கும் போய்விட்டது.

வழக்கமாக வாரத்துக்கு நாற்பது கடிதங்கள் வரும். அந்த வாரம் சாக்கில் வந்தன. பிரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட வஜ்ரபுஜன் இல்லை.

"மூன்றாவது மாடியில் பாதி முகம் சவரம் செய்துகொண்டு எட்டிப் பார்க்கிறாரே, அவர் தப்பிப்பாரா?"

"இரண்டாவது மாடியில் சீப்புக்குச் சண்டை போடும் அக்கா தங்கையில் சீப்பு யாருக்கு?"

"மேல் மாடி அம்மா ஊசியில் நூல் கோத்துவிட்டாரா? கை நடுங்குகிறதே."

இதழை எடுத்து உற்றுப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாகக் கறுப்புச் சதுரமாக இருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றிலும் ஆள் இருந்தார்கள். கட்டைவிரல் அளவுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், கையில் ஒரு வேலை.

மறுபடி கூட்டம். ஆசிரியரின் முகம் சிவந்திருந்தது.

"பஸ்ஸ தூக்கியாச்சு. இப்ப வீசாம எப்படிம்மா இருப்பான்? கை வலிக்காதா?"

"கீழ வெச்சிடட்டும் சார்."

"வெச்சுட்டு?"

"பஸ்ல இருக்கறவங்கள எறக்கிவிட்டு மன்னிப்புக் கேக்கட்டும்."

"பஸ்ல வேற ஆளா!"

"பன்னெண்டு பேரு. கண்டக்டரோட சேத்து பதிமூணு."

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். தீர்ப்பு சொல்லும் குரலில் சொன்னார்: "இத பாரும்மா. அவனுக்கு மனச்சாட்சி இருக்கு. அது போதும். ஜன்னலுக்கு ஜன்னல் சாட்சி எதுக்கு? எல்லாத்தையும் அழிச்சிடு."

பின்னணி அக்கா கோபப்படவே இல்லை. பேனாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தகர டப்பாவில் வைத்தார். மூடியை அழுத்தி மூடினார்.

"சார், இருபது வருஷமா ஆளில்லாத ஊர இடிச்சுக் குடுத்தேன். எனக்கே தெரியும், அது தப்புதான். இனிமே முடியாது. இவங்கள எனக்குத் தெரியும்." என் பக்கம் திரும்பினார். "வரேன்பா."

"அக்கா, அவசரப்படாதீங்க..."

"நான் எங்க அவசரப்பட்டேன்? இருபது வருஷம் ஆயிருக்கு."

அவர் இப்போது அந்தக் கொத்தனார் வேலை செய்கிற இடத்தில் வீட்டு வரைபடம் போடுகிறாராம். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு ஆளை வரைந்துதான் கொடுக்கிறாராம். வீடு கட்டுகிறவர்கள் அது தங்கள் அத்தை மாதிரி, மாமா மாதிரி இருக்கிறதென்று மகிழ்ந்துபோகிறார்களாம். அந்தத் தையல்காரரை ஒரு ஜன்னலில் உட்காரவைத்திருக்கிறார் என்றும் கேள்வி. நன்றாக இருக்கட்டும்.

இங்கே 'சித்திரத் தூய்மைப் பணி' என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த வாரப் பக்கத்துக்கு அக்கா ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த தாள். ஒரு புட்டி வெள்ளை மை, ஒரு மெல்லிய தூரிகை. முதலில் சீப்பு. பிறகு அக்கா தங்கை. ஊசியை அழிக்க ஒரு புள்ளி போதுமாயிருந்தது; நூல்தான் கொஞ்சம் நீளம். கோத்திருந்தார். சவரம் செய்பவருக்கும் அதிக மை செலவாகவில்லை, பாதி முகம் ஏற்கெனவே வெள்ளை. ஒரு கண் மட்டும் மைக்குள்ளிருந்து தெரிந்துகொண்டே இருந்தது. காய்ந்தபின் இரண்டாவது பூச்சு கொடுத்தேன். பேருந்திலும் பதின்மூன்று பேர். ஆசிரியர் வந்து பார்த்து, "சுத்தமான வேலைய்யா" என்று முதுகில் தட்டினார். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

பேருந்து வீசப்பட்டது. ஐந்து மாடியும் இடிந்தது. குடை உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வஜ்ரபுஜன் மூன்று பக்கத்துக்கு நனைந்தான். அப்படியொரு வருத்தத்தை எந்தச் சித்திரக்கதையும் கண்டதில்லை.

ஆனால் கடிதங்கள் நிற்கவில்லை. சவரம் செய்தவர் எங்கே, கண்டக்டர் எங்கே என்று விடாமல் கேட்டார்கள். ஆசிரியர் ஒரு புதிய பதில் வார்ப்பைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்: "தங்கள் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி. தாங்கள் குறிப்பிடும் நபர்கள் அக்கட்டடத்தில் எக்காலத்திலும் வசித்ததில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஆகவே வஜ்ரபுஜனைப் பற்றி யாராவது குறை சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாவம், அவன் கட்டடத்தை இடித்தான், அவ்வளவுதான். உள்ளே ஆளே இல்லை என்று முந்நூற்றுப் பதினேழு பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.