ஏரிக்கல் கொட்டாயின் ஒருமைப்பாட்டுச் சுவர்

தேசிய ஒருமைப்பாடு எங்கே பிறந்தது என்று ஆராய்கிறவர்கள் டில்லிக்கும் சென்னைக்கும் அலைந்து ரயில் கட்டணத்தை வீணாக்குகிறார்கள். அது பிறந்தது தர்மபுரி ஜில்லா, ஏரிக்கல் கொட்டாய் பால்வாடியின் வடக்குச் சுவரில். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, ஆடி மாதம், புதன்கிழமை மாலை நாலே கால் மணி. மைதா மாவுப் பசை காய்வதற்கு அரை மணி பிடித்ததால், அதிகாரபூர்வமான நேரம் நாலே முக்கால் என்று கொள்ளவேண்டும்.

அந்தப் பால்வாடியின் டீச்சர் சாலம்மாள். அவளிடம் ஒரு குறை இருந்தது. கல் உடைக்கப் போகும் தாய்மார்கள் காலையில் கொண்டுவந்து விட்டுப் போகும் இருபத்து மூன்று பிள்ளைகளில் ஆறு கன்னடத்தில் அழும், எட்டு தெலுங்கில் அழும், நான்கு உருதுவில் அழும், மீதி தமிழில் அழும். எந்தப் பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியிலேயே சாலம்மாள் சமாதானம் சொல்லிவிடுவாள்; படிக்கத் தெரிந்தது மட்டும் தமிழ்தான். இதற்காக எந்தப் பயிற்சியும் அவளுக்கு அளிக்கப்படவில்லை. எந்தச் சான்றிதழும் கிடையாது. ஆகவே அது ஒரு தகுதியாக எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

இப்படியிருக்கையில்தான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மழலையர் உள்ளங்களில் பாரதத்தின் பல்வேறு பண்பாடுகளையும் மொழிகளையும் 'பதியச் செய்யும் பொருட்டு' ஒவ்வொரு பால்வாடியிலும் ஒரு 'பல்பண்பாட்டுப் பன்மொழிக் காட்சிச் சுவர்' அமைக்கப்படவேண்டும். கூடவே ஒரு சின்ன வரி: ஏரிக்கல் ஒன்றியத்தில் பால்வாடிகள் இரண்டு, சிக்கனத்தை முன்னிட்டு ஒன்று மூடப்படும். எது என்பதைச் சுவர் தீர்மானிக்கும்.

சாலம்மாள் சின்ன வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். பால்வாடி இல்லாத காலத்தில் பிள்ளைகள் தாயோடு கல் உடைக்கும் குழிக்குத்தான் போகும். கல் உடைக்கும் நஞ்சம்மாளின் மூத்த மகனுக்கு அங்கேதான் இரண்டு கால்விரல் போயிற்று. இளையவன் மாதுவுக்கு இப்போதுதான் நாலு வயது.

ஒன்றியத்து விரிவாக்க அலுவலர் வெங்கடாசலம் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். சாலம்மாள் தனக்குத் தோன்றிய யோசனையைச் சொன்னாள்.

"சார், நம்ம பசங்களே நாலு பாஷை பேசுதுங்க. அதுங்களையே வரிசையா நிக்க வெச்சுக் காட்டிடலாமுங்களே?"

வெங்கடாசலம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஏம்மா, சர்க்குலர்ல 'காட்சிப் பொருள்'னு இருக்குது. பசங்க பொருளா? சொவத்துல ஒட்டினா நிக்குமா? அதுவுமில்லாம கன்னடம், தெலுங்கு எல்லாம் இங்கியே கெடைக்கறது. கெடைக்காததைக் காட்டினாத்தான் அது காட்சி. குஜராத்தி வேணும், வங்காளி வேணும், காஷ்மீரம் வேணும்."

"அதெல்லாம் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு எங்கீங்க போறது?"

எங்கே போவது? வெங்கடாசலம் பென்னாகரம் சந்தையில் விசாரித்தார். பொம்மிடி ரயிலடியில் விசாரித்தார். குஜராத்தி தெரிந்தவர் ஒருவர் அரூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனால், அவர் தெரிந்துவைத்திருந்தது குஜராத் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். மனம் நொந்து திரும்பும் வழியில் டீ குடித்துவிட்டு ஒரு பத்து ரூபாய் நோட்டை நீட்டியபோது, மகான்களுக்கு மரத்தடியில் கிடைத்தது வெங்கடாசலத்துக்கு டீக்கடையில் கிடைத்தது. நோட்டைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டு சில்லறையாகக் கொடுத்தார். நோட்டில் வரிசையாகப் பதின்மூன்று மொழி!

பஸ்களுக்கு நம்பர் எழுதும் சென்றாயன் வரவழைக்கப்பட்டான். சுவரில் ஆறு படங்கள் எழுதினான்: அம்மா, யானை, சூரியன், பூ, குடம், குழந்தை. தமிழ் வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பன்னிரண்டு வரிகளையும் நோட்டைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒட்டச் சொன்னார் வெங்கடாசலம். கைத்தொழிலில் யோக்கியனான சென்றாயனுக்கு மூன்றாவது படத்தில் சந்தேகம் வந்தது.

"சார், எல்லாப் படத்துக்கும் ஒரே எழுத்தா வருதுங்களே?"

"அதுக்குப் பேருதான்யா ஒருமைப்பாடு. எழுது."

அடுத்தது பண்பாடு. சுற்றறிக்கையோடு வந்த மாதிரிப் படத்தில் சரிகைக் குல்லாய் போட்ட ஒரு 'முஸ்லிம் குழந்தை' இருந்தது. மெத்தை தைக்கும் வஹிதாவின் மகள் ஷகிலா பால்வாடியிலேயே இருந்தாள். ஆனால் மற்றப் பிள்ளைகளைப் போலவே சாயம்போன பாவாடையில், மற்றப் பிள்ளைகளைப் போலவே மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றதால், வெங்கடாசலம் அவளை முஸ்லிமாக ஏற்க மறுத்துவிட்டார். குல்லாய், அதே பால்வாடியிலிருந்த பச்சியப்பன் பேரனுக்குப் போயிற்று. ஷகிலாவுக்குத் தலைப்பாகை கட்டி பஞ்சாபி ஆக்கினார்கள். கன்னடக்கார மாதுவுக்குப் பஞ்சகச்சம் கட்டிக் கையில் குடையைக் கொடுத்து, "இன்னையிலேர்ந்து நீ வங்காளி" என்றார் வெங்கடாசலம். மாது குடையைக் கடித்துப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் வஹிதா மகளைக் கூட்டிப்போக வந்தாள். அம்மா படத்தின் கீழே உருது இருப்பதைப் பார்த்துப் பெருமையாகக் கிட்டே போனாள். படித்தாள். யானைக்குப் போனாள், படித்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"டீச்சரம்மா! அம்மா பத்து ரூவாயாம். யானையும் பத்து ரூவாதான். சூரியனும் பத்து ரூவா! கட்டுப்படியாவுமா உங்களுக்கு?"

சாலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற அதிகாரிக்கு இந்தப் பன்னிரண்டில் ஒன்று தெரிந்திருந்தாலும் பால்வாடி போய்விடும். இருட்டுவதற்குள் ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், எல்லாத்துக்கும் பத்து ரூவா, பத்து ரூவான்னே எழுதியிருக்குதாமுங்க."

வெங்கடாசலம் அசையவில்லை. "யார் சொன்னது?"

"வஹிதாங்க. மெத்தை தைக்கிறவ."

"அந்த நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கிறது யாரு? ரிசர்வ் பாங்கு கவர்னர். கவர்னர் பெருசா, மெத்தை தைக்கிறவ பெருசா? அரசாங்க எழுத்தும்மா அது. தப்புன்னு சொன்னா உம்மேலதான் கேசு வரும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பொழுதுபோன நேரத்துல பயந்து சாவாதீங்க. வர்றவங்க யாரும் படிக்க மாட்டாங்க. பாப்பாங்க."

அவர் பேச்சு பலித்தது. சென்னையிலிருந்து ஜீப்பில் வந்த மேற்பார்வை அதிகாரி அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். "என்ன அழகான எழுத்துக்கள்! பாரதமே கண்முன்னால் வந்து நிற்கிறது" என்றார். பாரதம் பத்து ரூபாய்க்கு நின்றுகொண்டிருந்தது.

அந்த மட்டோடு ஜீப் ஏறியிருந்தால் அம்மையாருக்கும் நல்லது, பால்வாடிக்கும் நல்லது. கண்காட்சியைத் தொட்டுவிடாதபடி வாசலில் வேப்ப மரத்தடியில் உட்காரவைத்திருந்த பிள்ளைகளை அம்மையார் பார்த்துவிட்டார். உள்ளே அழைத்து, யானைப் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

காலையிலிருந்து வாயைத் திறக்கக்கூடாது என்று அடக்கிவைத்த பிள்ளைகள்.

"ஆனே!" என்றான் மாது. "ஏனுகு!" என்று எட்டுப் பேர் கத்தினார்கள். "ஹாத்தி!" "ஆனை, ஆனை!" கூரை ஓட்டிலிருந்து தூசி விழுந்தது.

அம்மையார் காதைப் பொத்திக்கொண்டார். "ஒரு கேள்விக்கு நாலு பதிலா? இதில் எது சரி?"

"எல்லாமே சரிதாங்கம்மா. அதுங்க வூட்டுல பேசற பாஷைங்க" என்றாள் சாலம்மாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"வீட்டில் பேசுவதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாமா? சுவரில் எழுதியிருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள்."

பஞ்சாபி ஷகிலா முன்னால் வந்தாள். நாலு நாளாக அவள் அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். உருது வரியைக் கையால் காட்டி, உரக்கச் சொன்னாள்: "பத்து ரூவா!"

அந்த அறையில் அந்தச் சுவரைச் சரியாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். அம்மையார் முகம் சுருங்கியது. "பிச்சை கேட்கப் பழக்கியிருக்கிறீர்களே!" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. மற்றப் பால்வாடி, சுவர் சரியில்லை என்று மூடப்பட்டது. ஏரிக்கல் கொட்டாய் பால்வாடி, சுவர் மிகச் சரியாக இருந்ததால் மூடப்பட்டது. மாவட்டத்திலேயே சிறந்த அந்தச் சுவருக்கு, ஒரே கேள்விக்குப் பலவாறு கூச்சலிடுவதும் யாசிக்கும் வழக்கமும் உள்ள பிள்ளைகளால் 'ஊறு நேராவண்ணம்', கட்டடம் 'நிரந்தர ஒருமைப்பாட்டுக் காட்சிக்கூடம்' ஆக்கப்பட்டது. உப்புமா ரவை நிறுத்தப்பட்டது. சாலம்மாளுக்கு அதே சம்பளத்தில் காட்சிக்கூடப் பாதுகாவலர் பதவி. தூசி தட்டவேண்டும், பார்வையாளர் பதிவேடு எழுதவேண்டும், 'பார்வையாளர் உபசரிப்பு' என்று மாதம் ஒரு சிறு தொகை.

திங்கட்கிழமை காலை, உத்தரவு தெரியாத பிள்ளைகள் தட்டும் தம்ளருமாக வந்து நின்றார்கள். நஞ்சம்மாளுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தது. ஒரு கையில் சுத்தியல், இடுப்பில் மாது.

"குழிக்குத்தான் தூக்கிக்கினு போறன் டீச்சர். வேற என்னா பண்றது? பெரியவனைப் போலவே இவனுக்கும் ஆச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு இருக்கணும்?"

சாலம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. மேசைமேல் புதுப் பதிவேடு இருந்தது. பிரித்துப் பார்த்தாள். பெயர், வந்த நேரம், சென்ற நேரம், கருத்து. நாலே கட்டம். வயது என்று ஒரு கட்டம் இல்லை. இரண்டு தடவை தேடினாள், இல்லை.

"மாதுவை எறக்கி வுட்டுட்டு நீ வேலைக்குப் போ" என்றாள்.

முதல் பக்கத்தில் முதல் பெயர் எழுதினாள்: திரு. மாது. வருகை காலை 9. புறப்பாடு மாலை 4. கருத்து என்னவென்று அவனையே கேட்டாள். "ஆனே" என்றான். 'யானை சிறப்பாக உள்ளது' என்று எழுதினாள். அடுத்து செல்வி ஷகிலா. அவள் கருத்தை மட்டும் சாலம்மாள் எழுதவில்லை. இருபத்து மூன்று பிரமுகர்களும் மத்தியானம்வரை கண்காட்சியைப் பார்வையிட்டார்கள். உபசரிப்புத் தொகையில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்றினாள். சாப்பிட்டுவிட்டு, கண்காட்சியின் எதிரிலேயே வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள். மறுநாளும் பார்வையிட வந்தார்கள்.

மூன்று மாதத்தில் பார்வையாளர் எண்ணிக்கை ஆயிரத்து எழுநூற்றைத் தாண்டியது. மாநிலத்தில் வேறெந்தக் காட்சிக்கூடமும் இதை நெருங்கவில்லை. 'பொதுமக்களிடையே ஒருமைப்பாட்டு உணர்வு கரைபுரண்டோடுவதை' மேலிடம் வெகுவாகப் பாராட்டி, உபசரிப்புத் தொகையை இரண்டு மடங்காக்கியது.

பாராட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெங்கடாசலம் நேரில் வந்தார். மத்தியானம் இரண்டு மணி. பொதுமக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயில் விரல் போட்டிருந்தார். வெங்கடாசலம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து, பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். சாலம்மாள் எதற்கும் தயாராக எழுந்து நின்றாள்.

அவர் பேனாவை எடுத்து, எல்லாப் பக்கத்திலும் மேலொப்பம் போட்டார்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்குது" என்றார் மெதுவாக. "மேலிருந்து யார் வந்து கேட்டாலும் பொதுமக்கள்னே சொல்லுங்க. தப்பித் தவறி 'கொழந்தைங்க'ன்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க. எழுதினா இதையும் மூடிருவாங்க."