மணவறையில் எழுந்திருக்காத மனிதர்

மூட்டுத் தேய்மானம் வந்தவருக்கு மூளை மட்டும் தேயாமல் இருக்கும் என்று எந்த மருத்துவரும் உத்தரவாதம் தருவதில்லை. அதற்கு நானே அத்தாட்சி. மலேசியாவின் ஈப்போ நகரில் அரசு அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கு என்ன முறை என்று என்னிடம் கேட்கலாம். (கேட்காவிட்டாலும் சொல்வேன்.)

மகள் கல்யாணத்தில் நானும் மனைவி சரோஜாவும் மணவறையில் தரையில் உட்கார்ந்து சடங்கு செய்து, பிறகு எழுந்து நின்று பெண்ணின் கையை மாப்பிள்ளையிடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். கோப்பெங்கிலிருந்து வந்த சம்பந்தி என் நடையைப் பார்த்துவிட்டு, நாற்காலி போட்டுக்கொள்ளலாமே என்றார். தரைதான் முறை என்று அவருக்கு ஒரு சொற்பொழிவே நடத்தினேன்.

கிளினிக்கில் கவிதா என்ற இயன்முறை மருத்துவர், என் மகளை விடச் சின்னப் பெண், சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை மெதுவாக நீட்டி நிறுத்துவது, சமதரையில் நடப்பது. லேசான வலி பரவாயில்லை, மறுநாளும் வலித்தாலோ வீங்கினாலோ குறைத்துக்கொள்ள வேண்டும், காலை வலுக்கட்டாயமாக மடக்கவே கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவது ஒரு பயிற்சியா? அரசாங்க உத்தியோகத்தில் ஆயுள் முழுக்க நான் செய்தது அதைத்தானே!

ஆகவே சொந்தத் திட்டம் தீட்டினேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். விடியற்காலை பெரட்டுக்களத்தில் குந்தியபடியே ஆள் கணக்குக்குக் காத்திருந்த பரம்பரை. காலையில் பூங்காவில் குந்தி குந்தி எழுந்தேன். மாலையில் சம்மணம் போட்டு, முழங்காலுக்கு ஒன்றாக அரிசிப் பைகளை ஏற்றிக்கொண்டு செய்தி பார்த்தேன்.

“முட்டி பூசணிக்கா மாதிரி ஆயிருச்சு. அந்தப் புள்ள சொன்னத கேளுங்கலா” என்றாள் சரோஜா. வீக்கம் என்பது தசை வளர்கிற அறிகுறி என்று அவளுக்கு விளக்கினேன்.

கல்யாண நாளன்று ஜம்மென்று உட்கார்ந்தேன். (விழுவதற்குப் பயிற்சி தேவையில்லை.) எழுந்து நிற்கச் சொன்னார் ஐயர். சரோஜா எழுந்தாள். நானும் கால்களுக்கு உத்தரவு அனுப்பினேன். அது முழங்காலிலேயே கிடப்பில் போடப்பட்டது.

நாதஸ்வரம் அதே பாட்டைத் திரும்ப வாசித்தது. முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வியாபாரம் செய்யும் சம்பந்தியின் அண்ணன் முன்வரிசையில் எழுந்து நின்றார்.

“என்னலா இது? பொண்ணக் குடுக்குற நேரத்துல உக்காந்துகிட்டு மல்லுக்கட்டுறாரு.”

சம்பந்தி ஓடி வந்து கைகூப்பினார். “எங்க பக்கம் ஏதாச்சும் கொறை இருந்தா அப்புறம் பேசிக்கலாம் சம்பந்தி. இப்ப எழுந்திருங்க.”

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவருக்கு நடத்திய சொற்பொழிவுக்குப் பிறகு, வீம்புக்காரன் என்ற பெயரே தேவலை என்று தோன்றியது. (அறுபத்தாறு வயது அறிவு!) மகளின் கண் மை கரைய ஆரம்பித்தது. “அப்பா, ப்ளீஸ்பா” என்றாள்.

“முட்டி பூட்டிக்கிச்சு சம்பந்தி. ஏந்திரிக்க முடியல.”

ஐயரின் மைக் பக்கத்திலேயே இருந்தது. சமையல் கட்டு வரை கேட்டதாம்.

நல்ல பிள்ளை மாப்பிள்ளை, என் எதிரே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். நேரத்துக்குள் தாலி ஏறியது. பிறகு அவருடைய நண்பர்கள் என்னை உட்கார்ந்திருந்த மணைப் பலகையோடு தூக்கி, உற்சவமூர்த்தி போல மண்டபத்தை வலம் வந்து காரில் ஏற்றினார்கள்.

இப்போது கவிதா சொன்னபடி, நாற்காலியில் உட்கார்ந்து ஒழுங்காகக் காலை நீட்டுகிறேன். ஆனால் அந்த மீன் வியாபாரி இன்னும் முட்டியை நம்பவில்லை. பார்க்கும்போதெல்லாம் தனியே அழைத்துப்போய், அன்றைக்கு உண்மையில் என்ன குறை என்று கேட்பார். போன தீபாவளிக்குத் தொல்லை தாங்காமல், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்வரிசையில் ஒரு தட்டு குறைந்தது என்று சொல்லி வைத்தேன். அப்பவே நினைச்சேன் என்று திருப்தியாகப் போனார்.

அடுத்த வாரம் சம்பந்தி வீட்டிலிருந்து அந்தத் தட்டு வந்தது. வெற்றிலை பாக்கு, ஆரஞ்சுப் பழம், நடுவில் மஞ்சள் குங்குமம் வைத்த ஒரு ஜோடி முழங்கால் உறை.